கொக்கு எப்போது வருகிறது? விமான நிலையப் புல்வெளியில் ஒரு பள்ளிக் குழு செய்த ஆய்வு

முந்தின இரவு நல்ல மழை. ஓடுபாதையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த புல்பட்டையில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அரை மீட்டர் சதுரத்தில் ஒரு மரச்சட்டம். கையில் கடுகுத்தூள் கரைத்த தண்ணீர். அதைச் சட்டத்துக்குள் நான்கு மூலைக்கும் பரவும்படி மெதுவாக ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புல்லின் அடித்தண்டுக்குப் பக்கத்தில் ஏதோ நெளிந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக மண்புழுக்கள் மேலே ஏறி வந்தன. கடுகின் காரம் மண்புழுவின் தோலை உறுத்தும், அதனால் அது மண்ணை விட்டு வெளியே வந்துவிடும். தோண்டாமல் மண்புழுவை எண்ணுவதற்கு மண்ணியல்காரர்கள் கையாளும் முறை இது.

கூடவே நின்ற விமான நிலைய அதிகாரி குனிந்து பார்த்தார். "இத்தனை நாளா நாங்க மேலயே பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

விமானத்தில் மோதக்கூடிய பறவைகள் அந்தப் புல்வெளிக்கு ஏன் வருகின்றன என்று ஒன்பது மாணவர்கள் தேடினார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்க அவர்கள் செய்த வேலையை அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். நான் அவர்களுடைய உயிரியல் ஆசிரியை. எந்தப் பள்ளி, எந்த விமான நிலையம் என்பதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் பதினாறு வயதுக்காரர்கள், அது ஒரு காரணம். பாதுகாப்பு விஷயம் சம்பந்தப்பட்டிருப்பது இன்னொரு காரணம். ஆனால் வேலை எப்படி நடந்தது, எங்கே தப்பு செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு குழுவை அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு அந்தத் தப்புகள்தான் அதிகம் உதவும்.

பறவை மோதினால் என்ன ஆகும்

விமான நிலையத்தின் சுற்றுச்சூழல் பிரச்சினை என்றதும் சத்தம், புகை, எரிபொருள் கசிவு இவைதான் மாணவர்களுக்கு முதலில் தோன்றின. பறவை அவர்கள் பட்டியலிலேயே இல்லை. அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஒரு கைப்பிடிப் பறவை என்ன செய்துவிடும் என்று ஒரு பையன் கேட்டான். அதற்குப் பதிலாக எதையும் சொல்லாமல் கணக்குப் போடச் சொன்னேன்.

உண்ணிக்கொக்கின் எடை சுமார் 350 கிராம். தரையிறங்கும் ஜெட் விமானத்தின் வேகத்தை மணிக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர். மோதலின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 850 ஜூல் வருகிறது. 10 கிலோ எடையை மூன்றாம் மாடி உயரத்திலிருந்து போட்டால் தரையில் விழும்போது இருக்கும் ஆற்றல் அது. அது மொத்தமும் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கினால்? வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான். அன்றைக்குத்தான் அது அவர்களுக்கு உறைத்தது.

சரித்திரத்தையும் படித்தோம். 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் கிளம்பிய ஒரு விமானம் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்து, இன்ஜின்கள் வலுவிழந்து, கடலோரத்தில் விழுந்தது. அதில் இருந்த 72 பேரில் 62 பேர் இறந்தார்கள். ஒரு ஸ்டார்லிங் 100 கிராம் கூட இருக்காது. அந்த விபத்தில் கிடைத்த இறகுத் துணுக்குகளை வைத்துப் பறவை எது என்று கண்டுபிடித்தவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி. மோதிய பறவையை இறகின் நுண்ணமைப்பிலிருந்து அடையாளம் காண்கிற துறையே அவரிடமிருந்துதான் வளர்ந்தது. இந்தக் கதையைக் கேட்டபின் குழுவில் இரண்டு மாணவிகள் பள்ளி மைதானத்தில் கிடக்கும் இறகுகளையெல்லாம் பொறுக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆய்வுக்கு அது நேரடியாகப் பயன்படவில்லை. ஆனால் பின்னால் பறவைகளைப் பிரித்து அறிவதில் அவர்கள் இருவர்தான் மற்றவர்களைத் திருத்தினார்கள்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கனடா வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜின்களும் போய், ஆற்றில் இறக்கி, 155 பேரும் பிழைத்த கதை. அதில் அவர்களுக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. இன்ஜினில் ஒட்டியிருந்த இறகுகளின் ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை (எடை மட்டும் மாறுபடும் ஹைட்ரஜன் அணுக்களை) ஆராய்ந்ததில், அவை நகரத்திலேயே வாழும் வாத்துகள் அல்ல, வடக்கிலிருந்து வலசை வந்தவை என்று தெரிந்தது. மோதல் நடந்ததும் கிட்டத்தட்ட 850 மீட்டர் உயரத்தில். விமான நிலையத்துக்குள் என்ன செய்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

இந்தத் தகவல் எங்கள் ஆய்வின் எல்லையை வரைந்து கொடுத்தது. கடந்து போகும் பறவை வேறு, நிலத்தில் ஏதோ கிடைக்கிறது என்று இறங்கி வரும் பறவை வேறு. முதலாவதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை முடியும்.

கேட்ட கேள்வியும் கேட்க வேண்டிய கேள்வியும்

விமான நிலையத்தார் எங்களிடம் கேட்டது இதுதான்: பறவைகளை விரட்ட மலிவாக ஒரு கருவி செய்து தர முடியுமா? வாயு வெடி வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் பெரிய சத்தத்தோடு வெடிக்கும். முதல் சில நாட்கள் பறவைகள் பறந்தோடும். பிறகு பழகிவிடும். உலகெங்கும் விமான நிலையங்களில் தெரிந்த சங்கதி இது. சத்தம் வரும், ஒன்றும் ஆகாது என்று பறவை கற்றுக்கொண்டுவிடுகிறது.

மாணவர்களுக்குக் கருவி என்றால் கொண்டாட்டம். லேசர், டிரோன், கழுகின் குரலைப் போடும் ஒலிபெருக்கி, கண் உருட்டும் பொம்மை என்று ஒரே வாரத்தில் இருபது யோசனைகள். நான் எதையும் மறுக்கவில்லை. ஒன்றைச் செய்து பாருங்கள் என்றேன். பிளாஸ்டிக் பருந்து ஒன்றைப் பள்ளி மொட்டைமாடியில் கட்டினார்கள். தினமும் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் எண்ணினார்கள். முதல் நாள் மாடி காலி. இரண்டாம் நாள் புறாக்கள் ஓரத்தில் வந்து உட்கார்ந்தன. நான்காம் நாள் ஒரு மைனா அந்தப் பருந்தின் தலைமேலேயே உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எடுத்த பையன் அதைக் குழுவுக்குக் காட்டியபோது யாரும் பேசவில்லை. இருபது யோசனைகளில் பதினைந்து அன்றோடு போயின.

பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், பள்ளி மாடியில புறா ஏன் வருதுன்னு நாம யோசிக்கவே இல்லையே? சாப்பிடற இடம் பக்கத்துல இருக்கு, அதனாலதானே?" எனக்கு இந்த ஆய்வு தொடங்கிய நாள் அதுதான். விரட்டுவது எப்படி என்ற கேள்வி போய், என்ன கிடைப்பதால் வருகிறது என்ற கேள்வி வந்தது.

எண்ணியதும் எண்ணாமல் விட்டதும்

விமான நிலையத்தின் உள்பகுதிக்குள் நினைத்தபோது போக முடியாது. அதனால் சுற்றுவேலிக்கு வெளியே மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர், பைனாகுலர், நோட்டுப் புத்தகம், பதினைந்து நிமிடம். கண்ணில் படும் பறவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு.

முதல் ஆறு வாரத்தில் இரண்டு பெரிய தப்பு செய்தோம். இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

ஒன்று, நோட்டில் 'வெள்ளைப் பறவை', 'பெரிய பறவை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன். விமான நிலையத்தில் எல்லோரும் நம்பிய காரணம், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குப்பைக் கிடங்கு. எங்கள் எண்ணிக்கையோ அதை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இறகு பொறுக்கிய அந்த இரண்டு மாணவிகள் நோட்டில் ஒவ்வொரு வகைப் பறவைக்கும் தனித்தனிப் பத்தி போட்ட பிறகுதான் படம் தெளிந்தது. கரும்பருந்துகள் குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து வெயில் ஏறியதும் வட்டமிட்டபடி வந்தன. உண்ணிக்கொக்குகளுக்கும் கிடங்குக்கும் சம்பந்தமே இல்லை. அவை நேராகப் புல்லில் இறங்கின. ஆள்காட்டிக் குருவிகள் எங்கும் போகவே இல்லை, அங்கேயே குடியிருந்தன. ஆக, அதிகாரிகள் சொன்னதும் சரிதான், ஆனால் பருந்துக்கு மட்டும்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். நாங்கள் எண்ணியது எப்போதும் மாலை நான்கரை மணிக்கு. ஏனென்றால் பள்ளி நான்கு மணிக்கு விடும். பறவைகள் அதிகம் இரை தேடும் நேரம் விடியற்காலையும் அந்திக்கு முன்னும் என்பது எனக்குத் தெரியும். பாடத்தில் நடத்தியும் இருக்கிறேன். இருந்தும் ஆறு வாரம் எங்களுக்கு வசதியான நேரத்தையே பறவைகளின் நேரமாக எடுத்துக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை தன் அப்பாவை விமானம் ஏற்றிவிட வந்த மாணவன் காலை ஆறு மணிக்கு வேலியோரம் நின்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "டீச்சர், நாம எழுதினது எல்லாம் தப்பு. இங்க வந்து பாருங்க." குரலே மாறியிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் விடியற்காலை எண்ணிக்கை. பெற்றோர்கள் முறை வைத்து வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். பழைய ஆறு வாரத் தாள்களைத் தூக்கிப் போடவில்லை. அறிக்கையின் பின்னிணைப்பில், எந்த நேரத்தில் எடுத்தது, ஏன் போதாது என்ற குறிப்போடு சேர்த்தோம். வேண்டாம், அசிங்கமாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அதைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடியது போன் செய்த அதே பையன்.

படத்தின் மூலையில் ஒரு சிவப்பு

விடியற்காலை எண்ணிக்கையிலும் ஒரு புதிர் இருந்தது. சில நாட்களில் உண்ணிக்கொக்கின் பத்தி முழுக்கக் கோடுகளாக நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. சில நாட்களில் ஒரு வரி கூட நிறையவில்லை. மழையோடு ஒப்பிட்டார்கள். கொஞ்சம் பொருந்தியது, முழுதும் பொருந்தவில்லை. குப்பை லாரி வரும் நாட்களோடு ஒப்பிட்டார்கள், பொருந்தவில்லை. விமான எண்ணிக்கையோடும் பொருந்தவில்லை.

பறவை அடையாளத்துக்காக எடுத்த படங்களை ஒரு மாணவி வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்குகள் நிறைந்த ஒரு படத்தின் மேல் மூலையில், குவியத்துக்கு வெளியே, சிவப்பாக ஒரு தீற்றல். இன்னொரு நாளின் படத்திலும் அதே சிவப்பு. டிராக்டர். புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்துப் போகும் டிராக்டர்.

புல்வெட்டும் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினோம். தேதிகளை அருகருகே வைத்தபோது வகுப்பறையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். கோடுகள் நிறைந்த நாட்கள் எல்லாம் புல் வெட்டிய நாட்கள், அல்லது அதற்கு மறுநாள்.

காரணம் எளிது. உண்ணிக்கொக்கு காலங்காலமாக மாடுகளின் பின்னால் நடந்து வாழ்ந்த பறவை. மாடு புல்லை மிதித்து நடக்கும்போது வெட்டுக்கிளியும் பூச்சியும் சிறு தவளையும் கிளம்பும், கொக்கு கொத்தும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்த இந்தப் பறவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டு கண்டம் முழுக்கப் பரவியது. இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. அதன் கண்ணில் புல்வெட்டும் இயந்திரம் ஓய்வே இல்லாத ஒரு பெரிய மாடு.

டிராக்டர் ஓட்டுபவரிடம் பேச அனுமதி கேட்டோம். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் புல்லை வெட்டி வருகிறவர். மாணவர்கள் அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்கள்.

"அண்ணா, வண்டி கிளப்பி எவ்வளவு நேரத்துல கொக்கு வரும்?"

"கிளப்பினாலே வரும்மா. முதல் சுத்து முடியறதுக்குள்ள பின்னாடி வரிசையா நிக்கும். வெட்டி முடிச்சா மறுநாளும் வரும். மூணாம் நாள் குறைஞ்சிடும்."

மாணவர்கள் மூன்று மாதம் போராடிக் கண்டுபிடித்ததற்கு மேல் ஒரு தகவலும் அதில் இருந்தது. எந்தப் பக்கம் வெட்டினால் அதிகம் வரும் என்றும் அவரே சொன்னார். வடிகாலை ஒட்டிய பட்டை. அங்கே எப்போதும் ஈரம்.

வடிகாலில்

உள்ளே போக ஒரே ஒரு காலை நேர அனுமதி கிடைத்தது. ஓடுபாதைக்கு அருகே இல்லை, தள்ளியிருக்கும் புல்பட்டைக்கும் வடிகாலுக்கும் மட்டும். வண்டியில் ஏறும் முன் அதிகாரி எல்லோருடைய தொப்பியையும், பேனா மூடிகளையும், ஒரு மாணவியின் தலைக் கிளிப்பையும் வாங்கிப் பையில் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் நடந்த கான்கார்டு விபத்தைச் சொன்னார். வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த ஒரு உலோகப் பட்டை டயரைக் கிழித்தது, டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்கியது, 113 உயிர்கள் போயின. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கையிலிருந்த தாளைக் காற்று தூக்கிவிடாதபடி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்கள்.

மண்புழுச் சட்டத்தை மூன்று இடங்களில் வைத்தார்கள். வடிகாலோரப் பட்டையில் வந்தது மற்ற இரண்டு இடங்களிலும் சேர்த்து வந்ததைவிட அதிகம். ஒரே ஒரு காலை எடுத்த அளவு, அதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லக் கூடாது என்று அறிக்கையில் எழுதினார்கள். அது சரி.

வடிகால்தான் பெரிய கண்டுபிடிப்பு. மழைநீர் இறங்கும் இரும்புக் கம்பி மூடியின்மேல் வெட்டிய புல் படிந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, கம்பளி விரித்த மாதிரி ஒரு மெத்தையாகிக் கிடந்தது. ஒரு மாணவன் கையுறை போட்டுக்கொண்டு அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான். முழுசாக ஒரே பாயாக எழுந்து வந்தது. அடியில் புளித்த வாடை. கறுத்த தண்ணீர். தண்ணீருக்குள் கொசுப் புழுக்கள் துள்ளின, விரல்நுனி அளவில் இரண்டு தவளைக் குஞ்சுகள் மூடியின் கம்பிக்கடியில் ஒதுங்கின. தண்ணீர் போகும் வழி அடைபட்டதால் பட்டை முழுக்க ஈரம். ஈரத்தால் மண்புழு, பூச்சி, தவளை. வாரம் ஒருமுறை டிராக்டர் வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிடுகிறது.

அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதலில் ஒரு விதி இருக்கிறது: விமான நிலைய மழைநீர்த் தேக்கங்கள் மழை நின்ற 48 மணி நேரத்துக்குள் முழுதும் வடிந்துவிட வேண்டும். நின்ற தண்ணீர் பறவையை இழுக்கும் என்பதால் வந்த விதி. இந்தப் பள்ளத்தில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க மாணவர்கள் ஒரு அளவுகோலைக் குச்சியில் கட்டி அதிகாரியிடம் கொடுத்தார்கள். அடுத்த மழைக்குப் பிறகு அவர் காலையும் மாலையும் படம் எடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் மாலைப் படத்திலும் குச்சியின் அடி தண்ணீரில் இருந்தது.

சொன்ன யோசனைகளும் திரும்பி வந்தவையும்

முதல் வரைவு அறிக்கையில் மாணவர்கள் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்: புல்லை இரவில் வெட்டுங்கள். கொக்கு இரவில் வராது, பிரச்சினை தீர்ந்தது.

டிராக்டர் அண்ணா அதைப் படித்துவிட்டுச் சொன்ன பதில்கள் அவர்களை நிமிர வைத்தன. இரவில் கல் தெரியாது, பிளேடில் பட்டுத் தெறித்தால் ஓடுபாதையில் போய் விழும். ஓரவிளக்குகளை ஒட்டி வெட்டும்போது ஒரு விளக்கு உடைந்தால் மறுநாள் முதல் விமானத்துக்கு முன் மாற்றியாக வேண்டும். பாம்பு இருக்கும். கடைசி விமானத்துக்கும் முதல் விமானத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் மொத்தப் புல்லையும் முடிக்கவே முடியாது. இரவு வேலைக்குக் கூடுதல் ஆள் வேண்டும், கூடுதல் சம்பளம் வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

மூன்று பேர் சோர்ந்துபோனார்கள். ஒருத்தி மட்டும் அவரிடமே திரும்பிப் போய், "அப்போ எந்த இடத்தை மட்டும் ராத்திரி வெட்டினா போதும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். இரண்டு பேரும் நிலைய வரைபடத்தை மேசைமேல் விரித்து, பென்சிலால் பட்டைகளாகப் பிரித்தார்கள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த ஆய்வில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

அவர்கள் இருவரும் வரைந்ததுதான் கடைசியில் பரிந்துரையானது. ஓடுபாதையை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் விமானம் இல்லாத நேரத்தில், விளக்கு வண்டியோடு வெட்டுவது. தொலைவில் உள்ள பட்டைகளைப் பகலில் வெட்டலாம், ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல. இருபக்கமும் ஒரே சமயத்தில் வெட்டினால் கொக்குகள் ஓடுபாதையைத் தாண்டித் தாண்டிப் பறக்கும், அதனால் ஒரு பக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து மறுபக்கம். மழை பெய்த மறுநாள் எங்கும் வெட்டக் கூடாது. இதில் கடைசி இரண்டும் டிராக்டர் ஓட்டுபவர் சொன்னவை, அறிக்கையில் அவர் சொன்னதாகவே எழுதினோம்.

வெட்டிய புல்லை அள்ள வேண்டும், குறைந்தபட்சம் வடிகாலோரத்திலாவது. அள்ளிய புல்லை நிலையத்துக்குள்ளேயே குழி வெட்டி உரமாக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார்: உரக்குழியில் புழு வரும், புழுவுக்குப் பறவை வரும். ஆக, புல் வெளியேதான் போக வேண்டும். இந்த மாதிரி இடங்களில் 'பசுமை யோசனை' என்று நாம் பழக்கத்தில் சொல்வது தப்பாகப் போகலாம் என்பதை இதற்கு முன் நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

புல்லின் உயரம் பற்றிய யோசனை ஏற்கப்படவில்லை. பிரிட்டனில் விமான நிலையப் புல்லை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. உயரமான புல்லில் பறவைக்குச் சுற்றிலும் பார்வை மறையும், இரை பிடிப்பதும் கடினம் என்பது காரணம். மாணவர்கள் அதையே பரிந்துரைத்தார்கள். உயர்ந்த புல்லில் எலி பெருகும், எலிக்குப் பருந்து வரும், இங்கே ஏற்கெனவே பருந்துத் தொல்லை இருக்கிறது என்று நிலையத்தார் மறுத்தார்கள். கொக்கைக் குறைத்துப் பருந்தைக் கூட்டுவது யாருக்கும் நல்லதல்ல. மறுப்பு நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். பருந்தின் எடை கொக்கைப்போல் இரண்டு மடங்கு வரும்.

குப்பைக் கிடங்கு மாணவர்கள் கைக்கு எட்டாத விஷயம். பருந்துகள் வரும் திசையும் நேரமும் குறித்த தாள்களை நிலையத்தாரிடம் கொடுத்தார்கள், உள்ளாட்சிக்கு அவர்கள் எழுதிய கடிதத்தோடு அவை இணைக்கப்பட்டன. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என்ன நடந்தது

வடிகால் மூடிகளை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் சுத்தம் செய்வது உடனே தொடங்கியது. அதற்குச் செலவும் இல்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த பெருமழைக்குப் பிறகு இரண்டாம் நாள் காலை வந்த படத்தில் குச்சியின் அடி வெறும் சேற்றில் நின்றது. அந்தப் படத்தை மாணவர்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டினார்கள். தண்ணீர் இல்லாத ஒரு பள்ளத்தின் படம், வேறு யாருக்கும் அதில் பார்க்க எதுவும் இருக்காது.

புல்வெட்டும் வரிசையை மாற்றுவது ஒரு பருவத்துக்குச் சோதனை முறையில் ஏற்கப்பட்டது. விடியற்காலைத் தாள்களில் கொக்கின் கோடுகள் குறைந்திருக்கின்றன. ஆனால் ஒரு பருவம் போதாது. மழை குறைந்த ஆண்டாக இருந்தாலும் கோடுகள் குறையும். மோதல் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. மோதல் என்பது அடிக்கடி நடக்காத நிகழ்வு, பல வருடப் பதிவு இல்லாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதை எழுத வேண்டும் என்று மாணவர்கள் ஒருமனதாக முடிவு செய்தார்கள். நிலையத்தின் கூட்ட அறையில் அவர்கள் அதை வாசித்தபோது, பாராட்டும் வார்த்தைகளை விட அந்தப் பத்தியைத்தான் அதிகாரிகள் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார்கள்.

இதே வேலையை எடுக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நிலையத்திலிருந்து ஒரே ஒரு அதிகாரி, வாரத்துக்கு அரை மணி நேரம், பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தால்தான் இது நடக்கும். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். இன்னொன்று, அனுமதிக்கு ஆகும் காலம். உள்ளே போன அந்த ஒரு காலைக்கு நாங்கள் பத்து வாரம் காத்திருந்தோம். காத்திருந்த வாரங்களில் வேலிக்கு வெளியே செய்ய வேலை இல்லாமல் போயிருந்தால் குழு கலைந்திருக்கும்.

இந்த ஆண்டு புதிய குழு வந்திருக்கிறது. பருந்தைக் கவனிக்கிறார்கள். போன வாரம் பதிவேட்டின் நகல் வாங்கப் போனபோது அதில் புதிதாக ஒரு பத்தி இருந்தது. தேதி, வெட்டிய பட்டை, வண்டி ஓடிய நேரம், ஊற்றிய டீசல் என்று இருந்த நான்கு பத்திகளுக்குப் பக்கத்தில், அளவுகோல் வைக்காமல் கையால் இழுத்த கோடு. அதன் தலைப்பில் டிராக்டர் அண்ணாவின் சாய்ந்த எழுத்தில் 'கொக்கு'. கீழே ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள், ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு.